பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

டாக்டரம்மா பதில்கள்

சென்ற இரண்டு மாதங்களில் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: நாள் கணக்கு. அடுத்த மாதவிடாய் எப்போது வரும், கரு நிற்கும் நாட்கள் எவை, செல்போன் சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் எனக்குக் கொடுத்த பக்கங்களை முழுக்க இதற்கே வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் பால் கணக்குக்காக ஒரு மாதக் காலண்டர் தொங்கும். காலை ஒன்று, மாலை அரை என்று அம்மா பென்சிலால் எழுதிவைப்பார். சில தேதிகளின் மூலையில் மட்டும் கடுகளவு ஒரு புள்ளி இருக்கும். பால்காரர் வராத நாள் போலிருக்கிறது என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். நான் பெரியவளாகி, சடங்கெல்லாம் முடிந்து, பந்தல் பிரித்த அன்று அம்மா அந்தப் பென்சிலை என் கையில் கொடுத்தார். "என் புள்ளி மேல் மூலையில் இருக்கிறது. நீ கீழ் மூலையில் வைத்துக்கொள்" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்தபோது என்னிடம் ஆறு வருடப் புள்ளிகள் இருந்தன. அதன்பிறகு டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் வேலை பார்த்தேன். "கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்?" என்ற கேள்விக்குத் தயங்காமல் தேதி சொன்ன பெண்கள் மிகக் குறைவு. "போன அமாவாசைக்கு முன்னால்", "மாரியம்மன் கோயில் காப்புக் கட்டிய வாரம்" என்றுதான் பதில் வரும். அதில் ஒரு வாரம் முன்னே பின்னே போனால் வைத்தியமே மாறிப்போகும்.

*

எனக்கு வயது 29. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். திருமணமாகி மூன்று வருடம். மாதவிடாய் எப்போதும் ஐந்தாறு நாள் தள்ளித்தான் வரும். 12ஆம் நாளிலிருந்து 15ஆம் நாள் வரை சேர்ந்திருக்கச் சொன்னார்கள், அப்படியே செய்கிறோம். ஒரு மருத்துவமனையில் 21ஆம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, முட்டை வெடிக்கவில்லை என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. இந்த வருடத் தேதிகள்: ஜனவரி 4, பிப்ரவரி 8, மார்ச் 13, ஏப்ரல் 18, மே 22. என்னிடம்தான் குறையா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

தேதிகளை எழுதி அனுப்பினீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

"தள்ளி வருகிறது" என்கிறீர்கள். எதிலிருந்து தள்ளி? 28 நாளிலிருந்து. அந்த 28 உங்களுடையது அல்ல, மகளே. உங்கள் இடைவெளிகளை எண்ணிப் பார்த்தேன்: 35, 33, 36, 34. நான்கு மாதத்தில் மூன்று நாள்தான் வித்தியாசம். வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாள் வரை இயல்பு என்று பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு வரையறுத்திருக்கிறது. நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். உங்கள் உடம்பு ஒழுங்காக நடக்கிறது, அதன் வேகம் வேறு, அவ்வளவுதான்.

மாதச் சுழற்சிக்கு இரண்டு பாதி. முதல் பாதியில் சினைப்பைக்குள் முட்டை முதிர்கிறது. இரண்டாம் பாதி, முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வரும்வரை உள்ள காலம். இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு புளிக்க வெயில் காலத்தில் ஆறு மணி நேரம் போதும், மார்கழியில் விடிய விடிய ஆகும். ஆனால் தட்டில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டால் வேகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். முட்டை முதிரும் காலம் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். வெளிவந்த பிறகு உள்ள காலம் பெரும்பாலும் 14 நாள். இரண்டு நாள் கூடலாம், குறையலாம். ஆகவே முன்னாலிருந்து 14 எண்ணக் கூடாது. அடுத்த மாதவிடாய் வரப்போகும் நாளிலிருந்து பின்னோக்கி 14 எண்ண வேண்டும். 28 நாள் காரருக்கு இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

உங்கள் தேதியிலேயே போட்டுப் பார்க்கலாம். மே 22 முதல் நாள். உங்கள் குறைந்த இடைவெளி 33, அதிக இடைவெளி 36. ஆக அடுத்த மாதவிடாய் ஜூன் 24க்கும் 27க்கும் இடையில் வரும். பின்னோக்கி 14 போனால் ஜூன் 10 முதல் 13. முட்டை வெளிவருவது அந்த நாட்களில்தான். வெளிவந்த முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை காத்திருக்கும். எனவே கரு நிற்கக்கூடிய காலம் ஜூன் 5 முதல் 13 வரை. நீங்கள் சொன்ன 12ஆம் நாள் முதல் 15ஆம் நாள் என்பது எந்தத் தேதி? ஜூன் 2 முதல் 5 வரை. மூன்று வருடமாக உங்களுக்குச் சொல்லப்பட்ட நாட்கள் கதவு திறக்கும் நாளோடு முடிந்துவிடுகின்றன. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். அது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பார்ப்பது. முட்டை வெளிவந்து ஏழு நாள் கழித்து, அதாவது அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால் அது உச்சத்தில் இருக்கும். 28 நாள் காரருக்கு அது 21ஆம் நாள். உங்களுக்கு 27 முதல் 30ஆம் நாளுக்குள் வரும். இந்த மாதக் கணக்கில் உங்கள் 21ஆம் நாள் ஜூன் 11. முட்டை வெளிவரும் தருணத்தில் ரத்தம் எடுத்து, "வெடிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அது என்ன முடிவு? ஜூன் 17 முதல் 20க்குள் ஒருநாள் மறுபடி எடுத்துப் பாருங்கள். கூடவே தைராய்டும் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் பார்த்துவிடுங்கள்.

ஜூன் 5 முதல் 15 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள், போதும். குறித்த நேரத்துக்குக் கூப்பிட்டு நிறுத்துவதுபோல் வேண்டாம். அது இருவரையும் வெறுக்க வைத்துவிடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மூன்று வருடத்தில் உங்கள் கணவருக்கு ஒருமுறையாவது விந்துப் பரிசோதனை செய்தார்களா? உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. பெண்ணைக் குத்தி, கீறி, ஸ்கேன் எடுத்து, கோயில் கோயிலாக அலையவைத்த பிறகு கடைசியாக ஆணைக் கூப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு நான் 34 வருடம் சண்டை போட்டிருக்கிறேன். மூன்று நாள் இடைவெளி விட்டு அவர் ஒருமுறை ஆய்வகத்துக்குப் போனால் போதும், செலவும் குறைவு. 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருடம் முயன்ற பிறகு மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே பார்க்க வேண்டும். இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும்.

*

தொல்காப்பியக் கற்பியலில், "பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்" தலைவன் தலைவியை நீங்கி இருத்தல் ஆகாது, பரத்தையிற் பிரிந்த காலத்திலும் ஆகாது என்று வருகிறது. அது கருத்தோன்றும் காலம் என்று இளம்பூரணர் உரை. இன்றைய மருத்துவத்தோடு இது பொருந்துமா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, வணக்கம். நூற்பாவைப் படித்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பூப்பின் மூன்று நாளை விட்டுவிட்டு அடுத்த பன்னிரண்டு நாள் என்று கொண்டால், 4ஆம் நாள் முதல் 15ஆம் நாள் வரை வருகிறது. 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குக் கரு நிற்கும் நாட்கள் 9 முதல் 14. அவை முழுதும் அந்த ஈராறு நாளுக்குள் அடங்கிவிடுகின்றன. கருவியும் ஸ்கேனும் இல்லாத காலத்தில் இவ்வளவு அருகில் வந்து நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் மேலே பதில் சொன்னேனே, திருப்பூர் மகள், அவருடைய நாட்கள் 15 முதல் 23 வரை. ஈராறு நாளை நம்பினால் அவருக்குக் கடைசி நாள் ஒன்றுதான் கிடைக்கும். பழையவர்கள் முன்னாலிருந்து எண்ணினார்கள். பின்னாலிருந்து எண்ண வேண்டும் என்று கண்டுபிடிக்க 1920கள் வரை ஆயிற்று. ஜப்பானின் நீகாட்டா நகரில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்த கியூசாக்கு ஓகினோ என்ற மருத்துவர் 1924இல் இதை எழுதினார். சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் கினாஸ் தனியாக ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். பின்னர் அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் கரு நிற்கக்கூடிய நாட்கள் ஆறே ஆறு என்று 1995இல் சொன்னார்கள்: முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாள். 2000இல் வெளிவந்த அவர்களுடைய இன்னொரு கட்டுரை என்னைப் போன்றவர்களையே திடுக்கிட வைத்தது. 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் இந்த ஆறு நாளும் முழுமையாக அடங்கியவர்கள் சுமார் 30 விழுக்காடுதானாம்.

நம் மொழி இந்தக் கணக்கை வேறு விதமாகவும் வைத்திருக்கிறது. கருவுற்றவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்கிறோம். மாதந்தோறும் தலை முழுகும் நாளைக் கவனித்து வந்தால்தானே, முழுகாத மாதம் தெரியும்? எங்கள் கிழவிகள் காலண்டர் இல்லாமலே இதை எண்ணியிருக்கிறார்கள்.

*

மாதத்தின் நடுவில் மூன்று நான்கு நாள் வழவழவென்று வெள்ளைப்படுகிறது. எலும்பு உருகி வெளியேறுகிறது, அதனால்தான் உடம்பு இளைக்கிறது என்கிறார் என் அத்தை. வெந்தயமும் நீர்மோரும் குடித்தும் நிற்கவில்லை.
— வாசகி, ஆண்டிப்பட்டி

எலும்பு உருகவே இல்லை. இந்த ஒரு பயம் எத்தனை பெண்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது! நீர்மோர் நல்லதுதான், குடியுங்கள். ஆனால் இதை நிறுத்த வேண்டியதில்லை.

முட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது கருப்பை வாயிலிருந்து வரும் திரவம் மாறும். மற்ற நாட்களில் கெட்டியாக, பசைபோல் இருப்பது, அந்த நாட்களில் பச்சை முட்டையின் வெள்ளைக் கருபோல் தெளிவாக, வழுக்கலாக ஆகிவிடும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் நூல்போல் நீளும். விந்தணு நீந்திப் போவதற்கு உடம்பு போடும் பாதை அது. முட்டை வெளிவந்ததும் மறுபடி கெட்டியாகிவிடும், அல்லது வறண்டுவிடும். மெல்போர்னைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் 1950களில் இந்த ஒரு அடையாளத்தை வைத்தே நாள் கணிக்கும் முறையை உருவாக்கினார். அவர் மனைவி எவலினும் மருத்துவர், பின்னர் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். காலண்டர் சொல்வது அனுமானம். இது அன்றன்றைக்கு உங்கள் உடம்பே தரும் செய்தி. நீங்கள் நோய் என்று நினைத்தது, குழந்தை வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் தேடிக்கொண்டிருக்கும் அடையாளம்.

அரிப்பு, கெட்ட வாடை, பச்சை அல்லது மஞ்சள் நிறம், தயிர்போல் திரித்திரியாக வருதல், அடிவயிற்று வலி, இவற்றில் எது இருந்தாலும் அது தொற்று. உடனே மருத்துவரைப் பாருங்கள். இளைப்பதாகச் சொல்கிறீர்கள், ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். காரணம் அங்கே இருக்கக்கூடும்.

*

குழந்தைக்கு எட்டு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். இன்னும் மாதவிடாய் திரும்பவில்லை. வந்த பிறகு பாதுகாப்பான நாள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அந்த நாட்கள் எவை?
— வாசகி, அறந்தாங்கி

முதல் வேலையாக நாளைக் காலை சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முதல் முட்டை வெளிவந்துவிடலாம். மாதவிடாயையே பார்க்காமல் மறுபடி கருவுற்று, ஐந்தாம் மாதத்தில் என்னிடம் வந்து அழுத பெண்கள் பலர். தாய்ப்பால் கருவைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் வந்திருக்கக் கூடாது. உங்கள் குழந்தை எட்டாவது மாதத்தில் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பாதுகாப்பு முடிந்துவிட்டது.

பாதுகாப்பான நாள் பார்ப்பது நம் நாட்டில் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில், ராஜ்குமாரி அம்ரித் கௌர் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாள் எண்ணுவதற்கு நிற மணிகள் கோத்த மாலை கொடுத்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மணிமாலையைத் திருத்தமாக வடிவமைத்தார்கள். 26 முதல் 32 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும், 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை சேரக் கூடாது. அப்படியும் சாதாரணமாகப் பின்பற்றும் 100 பெண்களில் 12 பேர் ஒரு வருடத்துக்குள் கருவுறுகிறார்கள். நாள் கணக்குக்கு அடித்தளம் போட்ட ஓகினோவே, கருத்தடைக்கு இதை நம்பாதீர்கள் என்ற கருத்தில் இருந்தவர்.

உங்களுக்கோ எண்ணத் தொடங்க ஒரு தேதிகூட இல்லை. அரசு மருத்துவமனையில் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் இலவசம். மூன்றுமே பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை. அதுவரை ஆணுறை. இந்தப் பதிலைக் கணவரிடம் படிக்கக் கொடுங்கள்.

*

மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம். அவள் தேதி இடிக்கிறது. கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், காரைக்குடி

கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை. எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னால் தொடங்க வேண்டும், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும். ரத்தம் உறையும் தொந்தரவு, கடுமையான ஒற்றைத் தலைவலி, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்தாக முடியலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதித் தர ஒரு மருத்துவர் வேண்டும். கடைசி ஆறு மாதத் தேதிகளோடு மகளை அவரிடம் அழைத்துப் போங்கள். கல்யாண வீட்டு அலைச்சலில் தேதி தானாகவே மாறுவதும் உண்டு. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை மகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அன்று மாதவிடாய் வந்தாலும் தாலி கட்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்பதே என் கருத்து.

*

என் மகளுக்கு 13 வயது. பெரியவளாகி ஒரு வருடம் ஆகிறது. சில சமயம் 22 நாளில் வருகிறது, சில சமயம் 43 நாள் ஆகிறது. பள்ளியில் திடீரென்று வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள். நீர்க்கட்டியாக இருக்குமோ?
— வாசகி, நாகர்கோவில்

முதல் இரண்டு மூன்று வருடம் 21 முதல் 45 நாள் வரை முன்னே பின்னே வரும். மூளையும் சினைப்பையும் ஒன்றோடொன்று பேசப் பழகும் காலம் அது. பல மாதங்களில் முட்டையே வெளிவராது. இந்த வயதில் ஸ்கேன் எடுத்தால் சினைப்பையில் சிறு சிறு குமிழ்கள் தெரிவது சாதாரணம். அதைப் பார்த்து நீர்க்கட்டி என்று பெயர் வைத்து, குழந்தையின் மனதில் ஒரு நோயை ஏற்றிவிடாதீர்கள். மூன்று மாதம் வராமலே இருந்தாலோ, ஏழெட்டு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, வலியால் பள்ளிக்கே போக முடியாமல் போனாலோ அழைத்து வாருங்கள்.

செல்போன் செயலி அவளுக்கு இப்போது பயன்படாது. அது சராசரி எடுத்து ஒரு தேதி சொல்லும், அவளுக்கோ சராசரி இன்னும் உருவாகவில்லை. ஒரு சிறிய நோட்டு வாங்கிக் கொடுங்கள். ரத்தம் சரியாக வரத் தொடங்கிய நாள்தான் முதல் நாள், திட்டுத்திட்டாகக் கறை பட்டதைத் தனியாகக் குறிக்க வேண்டும். எத்தனை நாள் இருந்தது, எத்தனை நாப்கின் மாற்றினாள், வலி எப்படி, இவ்வளவு எழுதினால் போதும். பள்ளிப்பையில் எப்போதும் இரண்டு நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். பயத்துக்கு மருந்து அதுதான்.

நாப்கின் எண்ணிக்கையை ஏன் கேட்கிறேன் தெரியுமா? திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து 40 வயதுப் பெண் ஒருவர் மூச்சிரைக்கிறது என்று வந்தார். மாதவிடாய் எப்படி என்று கேட்டதற்கு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது டாக்டர்" என்றார். கூட வந்த மகள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அம்மாவுக்கு நாப்கின் வாங்கிக் கொடுப்பது அவள்தான், செலவு எழுதிவைத்திருந்தாள். ஜூனில் இரண்டு பாக்கெட், செப்டம்பரில் நான்கு, டிசம்பரில் ஏழு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 கிராம். கருப்பையில் கட்டி. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானதால் அதுவே அவருக்கு இயல்பாகிவிட்டிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நலமாக வீடு திரும்பினார்.

*

செயலியில் எல்லாவற்றையும் பதிவு செய்கிறேன். இந்த விவரங்கள் வெளியே போகுமா? என் கணவரும் கடவுச்சொல் கேட்கிறார்.
— வாசகி, சென்னை

போகக்கூடும். உலகம் முழுக்கப் பல கோடிப் பெண்கள் பயன்படுத்தும் ஃப்ளோ செயலி, பயனாளர்களின் உடல்நல விவரங்களை வேறு நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021இல் அது சமரசத்தில் முடிந்தது. செயலி வேண்டும் என்றால் இணையக் கணக்கு கேட்காத, விவரத்தைச் செல்போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேதியை மட்டும் எழுதுங்கள். எப்போது சேர்ந்தோம், மனநிலை என்ன என்றெல்லாம் கேட்பதற்குப் பதில் கொடுக்க வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகம் இதைவிடப் பாதுகாப்பு.

கணவர் கேட்பது அக்கறையாலா, கண்காணிப்பாலா என்பது உங்களுக்குத்தான் தெரியும். குழந்தைக்காக இருவரும் சேர்ந்து முயலும்போது தேதியை நீங்களே சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. என் அப்பா அந்தப் புள்ளிகளைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அதை இன்றைக்கும் மரியாதையாகவே நினைத்துப் பார்க்கிறேன்.

*

நான் லாரி ஓட்டுநர். குஜராத் பக்கம் லோடு போவேன், மாதத்தில் ஐந்தாறு நாள்தான் வீட்டில் இருப்பேன். திருமணமாகி 14 மாதம் ஆகிறது. என் மனைவிக்கு 29, 30, 29, 31 நாள் இடைவெளியில் வருகிறது. கடைசியாக வந்தது ஜூன் 3. எந்த நாட்களில் நான் வீட்டில் இருக்க வேண்டும்? முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் என்று மருந்துக் கடையில் விற்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், நாமக்கல்

தம்பி, மனைவியின் நாட்களை இவ்வளவு துல்லியமாக எழுதி அனுப்பிய முதல் கணவர் நீங்கள். மகிழ்ச்சி.

அடுத்த மாதவிடாய் ஜூலை 2 முதல் 4க்குள் வரும். பின்னோக்கி 14 எண்ணினால் ஜூன் 18 முதல் 20. எனவே கரு நிற்கும் காலம் ஜூன் 13 முதல் 20 வரை. உங்களுக்கு ஐந்து நாள்தான் கிடைக்கும் என்றால் 15ஆம் தேதி வந்து 20ஆம் தேதி கிளம்புங்கள்.

அந்தப் பட்டை, முட்டை வெளிவருவதற்கு 24 முதல் 36 மணி நேரம் முன்னால் சிறுநீரில் ஏறும் எல்.எச். ஹார்மோனைக் காட்டும். நல்ல கருவிதான். ஆனால் இரண்டாவது கோடு தெரியும்போது நீங்கள் சூரத்தில் நின்றால் என்ன செய்வீர்கள்? ஊர் வந்து சேர்வதற்குள் முட்டையின் காலம் முடிந்துவிடும். காலையில் உடல் வெப்பம் பார்க்கும் முறையும் உங்களுக்கு உதவாது. முட்டை வெளிவந்த பிறகுதான் வெப்பம் ஏறும். நடந்து முடிந்ததைத்தான் அது சொல்லும். நீங்கள் மனைவியின் தேதிகளையும், ஆண்டிப்பட்டி வாசகிக்கு நான் எழுதிய வழுக்கல் அடையாளத்தையும் நம்புங்கள். விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும், முட்டை ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காது. அதனால் ஒரு நாள் தாமதமாக வருவதைவிட இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுவது நல்லது.

வருடம் ஒன்றைத் தாண்டிவிட்டதால் நீங்கள் ஒரு விந்துப் பரிசோதனையும், மனைவி ஒரு அடிப்படைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எஞ்சின் சூட்டில் மணிக்கணக்கில் உட்காருவதும் புகையிலையும் விந்தணுவைக் குறைக்கக்கூடியவை. இரண்டாவதை நீங்கள் இன்றைக்கே நிறுத்தலாம்.

ஜூலை மாதத்துக்கு இந்தத் தேதிகள் பொருந்தாது. அடுத்த மாதவிடாய் வந்தால், அந்த முதல் நாளை மனைவி உங்களுக்குச் சொல்லட்டும். அன்றே எண்ணிப் பார்த்துவிட்டு, லோடு ஒப்புக்கொள்வதற்கு முன்பே முதலாளியிடம் அந்த ஐந்து நாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.